அறுபது கடன்

பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டிய
இருபத்தொரு கடிகாரங்கள்.
முள்ளுக்கு ஈர்க்கு, நடுவில் சட்டைப் பொத்தான்.
ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டுகிறது.
பிழையில்லை,
நான் இன்னும் எதையும் கேட்கவில்லை.

வட்டகொடை வளைவில் ரயில் கூவுகிறது.
"பத்தரை டீச்சர்!" என்கிறார்கள் சிலர்.
ரயிலை வைத்து மணி சொல்லாதீர்கள் என்று
போன வாரமே சொல்லியிருந்தேன்.

கரும்பலகையில் எழுதினேன்:
காலை ஆறு நாற்பதுக்கு மலைக்குப் போன அம்மா
மாலை ஐந்து பத்துக்குத் திரும்பினால்
கழிந்த நேரம் எவ்வளவு?

ஐந்தோடு பன்னிரண்டைக் கூட்டிப் பதினேழாக்கினோம்.
பத்திலிருந்து நாற்பது போகாது,
பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்றேன்.
வாங்கினார்கள்.
பழக்க தோஷம், நூறாக வாங்கினார்கள்.
பத்து மணித்தியாலம் எழுபது நிமிடம்
என்று பதினாறு கொப்பிகள்.

மணித்தியாலத்தின் கையில் இருப்பது அறுபதுதான்,
நூறு கேட்டால் எங்கே போகும் அது?
அழித்து எழுதுங்கள்.
பின் வாங்கிலிருந்து யோகபிரதாப்:
"திருப்பிக் குடுக்கறப்ப எவ்வளவு டீச்சர்?"
திருப்பித் தர வேண்டாம், கணக்கு முடிந்துவிடும்.
"அப்ப நல்ல கடன்" என்றான்.
அவன் லயத்து வாசலில்
புதன்கிழமைகளில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும்.
வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.

சிமெந்துத் தரையில் சோக்கால் கோடு போட்டு
தாவச் சொன்னேன்.
ஆறு நாற்பதிலிருந்து ஏழுக்கு ஒரு சின்னத் தாவல், இருபது.
ஏழிலிருந்து ஐந்துக்குப் பத்துத் தாவல்.
பிறகு ஒரு பத்து, அரைக்கால் வைத்து.
கூட்டினால் பத்தரை மணித்தியாலம்.
கோட்டின் முடிவில் மூச்சு வாங்கிக்கொண்டு
சதுர்ஷினி கேட்டாள்:
"எங்கம்மாவுக்கு நேத்து கொழுந்து பத்தலைன்னு
அரைப்பேருதான் போட்டாங்க.
அப்ப அஞ்சேகால்னு எழுதவா?"

சோக்குத் தூளைக் கையிலிருந்து தட்டினேன்,
தட்டி முடிந்த பிறகும் தட்டினேன்.
முழுசாக எழுது என்றேன்.
பத்தரை.
கொப்பியில் நான் சரி போடுவேன்.

வீட்டுப்பாடம்:
உன் வீட்டில் நடந்த ஒன்று,
தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கழிந்த நேரம்.
சோறு வேக முப்பத்தைந்து நிமிடம்.
பைப்படியில் தண்ணீருக்கு நின்றது ஒன்றேகால் மணித்தியாலம்.
தம்பி அழுதது, விடியும்வரை
(இதற்கு மதிப்பெண் பாதி).

டிலோஷினி எழுதியிருந்தாள்:
அம்மா போன் எடுத்தது இரவு 7.50.
போன் வைத்தது மாலை 5.35.
கழிந்த நேரம் என்ற இடத்தில்
அழிறப்பர் தேய்த்துத் தேய்த்து
தாள் ஓட்டையாகியிருந்தது.

பக்கத்தில் அழைத்துக் கேட்டேன்.
எடுக்கும்போது மாமா வீட்டுச் சுவரில் பார்த்தாளாம்.
வைக்கும்போது மின்சாரம் போய்விட்டதாம்.
"அங்க மணி என்னம்மான்னு கேட்டேன்.
அஞ்சு முப்பத்தஞ்சுன்னாங்க."

ஜோர்தானில் சூரியன் பிந்தித்தான் வருகிறது,
நம் மலையைத் தாண்டிப் போக வேண்டுமல்லவா?
இரண்டரை மணித்தியாலம் கூட்டு என்றேன்.
விரல்களால் கூட்டினாள்.
எட்டு ஐந்து.
தாவினாள். எட்டுக்குப் பத்து, அப்புறம் ஐந்து.
பதினைந்து நிமிடம்.
"இல்ல டீச்சர், கூட இருக்கும்" என்றாள்.
மறுபடி தாவினாள்.
மூன்றாம் முறையும் அதே பதினைந்துதான்.
நடுவில் நாலு தடவை லைன் வெட்டியதை
எதில் சேர்ப்பதென்று கேட்டாள்.
எனக்கும் தெரியவில்லை.

பிறகு மேசைக்கு வந்து நின்றாள்,
இன்னும் இரண்டு ஈர்க்கு வேண்டுமாம்.
ஒரே கடிகாரத்தில்
இந்த நேரத்துக்கு இரண்டு, அந்த நேரத்துக்கு இரண்டு.
வகுப்பு விளக்குமாறு ஏற்கெனவே பாதியாகிவிட்டது,
அதிபர் கேள்வி கேட்பார்.
இல்லையென்று தலையாட்டினேன்.

பின் வாங்கில் யோகபிரதாப்
தன் அட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.
எழுந்து வந்து இரண்டு முள்ளையும் நீட்டினான்.
"கடன்தான். நாளைக்குத் தந்துரணும்."

அன்று மணியடிக்கும்வரை
நேரமே இல்லாத ஒரு வட்டத்தை
முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்,
ஒன்றும் நடக்காதவன்போல.