மூன்றாம் நாள், பதினான்காம் மாடி

செந்தூலில் தண்ணீர் இல்லை.
குழாயைத் திருகினால் ஒரு பெருமூச்சு,
அவ்வளவுதான்.
லாரி வரும் என்று கீழே ஒட்டியிருக்கிறார்கள்.
லிஃப்ட் வராது என்பதை ஒட்டவில்லை.
இரண்டு வாளி குளியலறைக்கு,
ஒரு குடம் சோற்றுக்கு.
தொட்டியில் பாத்திரங்கள்
முந்தாநாள் குழம்போடு காய்ந்து கிடக்கின்றன.

குடிக்க என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.
கொழுந்தன் சர்வேந்திரன் பிறந்தநாளில்
ஜின் தீர்ந்தபின் அநாதையாகிவிட்ட
டோனிக் டின்கள் ஆறு.
காலையில் போட்டு ஆறிப்போன
சீனி போடாத கோப்பி, அரை ஜாடி.
ஃபிரீசரில் இரண்டு தட்டு ஐஸ்.
அது போன ஞாயிற்றுக்கிழமையின் தண்ணீர்.
அன்றைக்கு அதை யாரும் மதிக்கவில்லை.

முதல் கிளாஸ் தோல்வி.
கோப்பியை அடியில் ஊற்றி
டோனிக்கை அதன் தலையில் கொட்டினேன்.
பொங்கியது பாருங்கள்,
தைப்பொங்கலுக்குக்கூட என் பானை
இப்படிப் பொங்கியதில்லை.
மேசைவிரிப்பு, மின்கட்டண பில்,
நகச்சாயப் புட்டிகளின் கால்கள்:
துடைக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில்
ஒரு பழுப்பு ஆறு.

இரண்டாவதுக்குப் பொறுமை வந்தது.
ஐஸ் முதலில், விளிம்பு வரை.
கிளாஸைச் சாய்த்து டோனிக், முக்கால்.
பிறகு கை எடுத்துவிட வேண்டும்.
இரைச்சல் தானாக அடங்கட்டும்,
சண்டைக்குப் பின் என் வீட்டுக்காரருக்குக்
கொடுக்கிற அளவு நேரம்.
அப்புறம் கரண்டியின் முதுகில்
நூல் பிடித்தாற்போல் கோப்பி.
இறங்காது. மேலேயே நிற்கும்.
கீழே பகல், மேலே இரவு,
நடுவில் ஒன்றையொன்று விசாரித்தபடி
ஒரு விரற்கடை.

பதின்மூன்றாம் மாடி காக் ரொஹாயா
படியேறி வந்தார், மூச்சிரைக்க.
நாளை மகனுக்கு நிச்சயதார்த்தம்.
பத்து விரலுக்கும் ஜெல், ஐம்பது ரிங்கிட்,
என் பிழைப்பு அது.
டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்;
ஹலால் முத்திரை கண்டதும் தோள் இறங்கியது.
ஒரு மிடறு.
"பாஹித்!" என்றார்.
ஆமாம் அக்கா, கசப்புதான்.
ஒன்று தீயில் வறுபட்ட கசப்பு,
ஒன்று மரப்பட்டையின் கசப்பு,
குளிர்காய்ச்சலுக்கு விழுங்கியது.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
தண்ணீர்த் தடைக்குத்தான்
எந்தப் பழமொழியிலும் கணக்கில்லை.

அவர் தன் கைப்பையிலிருந்து
ஒரு லீமாவ் கஸ்தூரி எடுத்தார்.
(எதற்குப் பையில் என்று நான் கேட்கவில்லை.)
கஸ்தூரி என்ற சொல்லை மட்டும்
எங்கள் இருவருக்கும்
யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.
பிழிந்ததும்
இரண்டு கசப்பும் சற்று நகர்ந்து உட்கார்ந்து
மூன்றாமவருக்கு இடம் கொடுத்தன.

நகம் உலர்த்தும் விளக்கைப் போட்டேன்.
அவர் வலக்கை உள்ளே,
கிளாஸ் அதன் வாசலில்.
ஊதா வெளிச்சம் பட்டதும்
டோனிக் நீலமாக எரிந்தது.
பொய்யில்லை,
யாரோ உள்ளே ஒரு சின்ன டிவி
பார்ப்பது போல.
மேலே இருந்த கோப்பியோ
வந்த வெளிச்சத்தைக் குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாத முகத்தோடு இருந்தது.
"அல்லா," என்றார் அவர்.
"முருகா," என்றேன் நான்.
அறுபது விநாடி முடிந்து விளக்கு தானாக அணைந்தது.
மறுபடி போடச் சொன்னார்.
நகம் காய்ந்துவிட்டது அக்கா.
இருக்கட்டும், போடு.

அப்போதுதான் சமையலறையில் ஒரு இருமல்.
மூடாமல் விட்டிருந்த குழாய்
காற்றை உமிழ்ந்தது, பிறகு நுரையை,
பிறகு மூன்று நாள் துருவையும் சேர்த்து
பழுப்பாய், இரைச்சலாய்
தன் பங்குக்கு ஒரு கோப்பி போட்டது.

கிளாஸை வைக்காமலே ஓடினேன்.
பின்னால் அவர் குரல்:
"அதில் ஐஸ் போடாதே!"