பதினொரு டிரம்

ஆனி மாதத்து நடு இரவு.
காவேரிப்பட்டணம் சாலையில் என் கூழ் ஆலை வாசலிலிருந்து
பெட்ரோல் பங்க் தாண்டியும் வரிசை நிற்கிறது,
கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய வண்டிகள்.
ஓட்டுநர்கள் சக்கரத்தடியில் துண்டு விரித்துத் தூங்குகிறார்கள்.
என் மேஜை மேல் ஒரு மெமோ.
கையெழுத்துப் போட்டால் போதும்.

"மாதம்மாள், இரவு ஷிப்ட்,
ஃபிட்டர் திம்மராயனைத் தூண்டி
அனுமதியின்றிப் பெல்ட்டுச் சக்கரத்தை மாற்றியதால்
கொட்டை நொறுங்கிப் பருப்பு கலந்து
பதினொரு டிரம் கூழ் கசந்துவிட்டது."

நக்கிப் பார்த்தேன்.
உண்மைதான். வேம்பு.

தை பிறந்தபோது மைக் பிடித்துச் சொன்னவன் நான்தான்:
"புதுசா யோசிங்க, பயப்படாதீங்க."
லட்டு கொடுத்தோம்.
கேன்டீன் பக்கம் யோசனைப் பெட்டி ஒன்று வைத்தோம்,
நீலப் பெயின்ட், பித்தளைப் பூட்டு,
நேர் மேலே கேமரா.
ஐந்து மாதத்தில் அதில் விழுந்தவை
ஒரு மிட்டாய்த் தாள்,
ஒரு கும்பாபிஷேக நோட்டீஸ்,
"சாம்பாரில் பருப்பு போடவும்" என்று ஒரு துண்டுச் சீட்டு.
எழுத்து கோணிக் கிடந்தது.
இடது கையால் எழுதியிருக்கிறார்கள்,
யாரென்று தெரியக் கூடாதே என்று.

பருப்புக்கே இவ்வளவு பயம்.

இந்தப் பெண் பெட்டியில் எதுவும் போடவில்லை.
ஏழு வருஷமாகக் கொட்டை விழும் வாயருகே நிற்கிறாள்.
செங்காய் வரும் நாளில்
பாதிச் சதை கொட்டையோடே குப்பைக்குப் போவதை
தினமும் பார்த்தவள் அவள்தான்.
எனக்கு அது "வேஸ்ட் சதவீதம்",
மாதக் கடைசியில் ஒரு எண்.

பேனாவைத் திறந்தபோது
ஜன்னலுக்கு வெளியே தார்ப்பாய் படபடத்தது.
அதற்கடியில் இருப்பது என் இத்தாலி இயந்திரம்.
மூன்று கோடி. நான்கு வருஷம்.
ஓடியது பத்தொன்பது நாள்.
நம் ஊர் மாங்காயின் நாரை அதற்குப் பிடிக்கவில்லை.
கண்காட்சியில் பார்த்து,
ஒருவரையும் கேட்காமல்,
கை குலுக்கி வாங்கி வந்தேன்.
அதற்கு யார் எனக்கு மெமோ கொடுத்தார்கள்?
வங்கிக்காரர் கூட "அனுபவம் சார்" என்றார்.

முதலாளி தொலைத்தால் அனுபவம்.
மாதம்மாள் தொலைத்தால் நஷ்டம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம்.
காலே விடாதவனுக்கு
ஆழத்தை யார் சொல்வது?

மெமோவைக் கிழிக்கவில்லை. கிழித்தால் அது சினிமா.
திருப்பிப் போட்டு, பின்பக்கம் எழுதினேன்:
"அடுத்த தடவை என்ன வேகம்?"
கீழே இறங்கிப் போய் நானே கொடுத்தேன்.

அவள் அதை வாசிக்க வெகுநேரம் ஆனது.
சூப்பர்வைசர் நஞ்சப்பன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
திம்மராயன் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தான்.

"செவ்வாய் ராத்திரி பழைய லைன் உங்களுக்கு" என்றேன்.
"இருபது கிரேட் பழம். கெட்டால் கெடட்டும்.
எப்படிக் கெட்டது என்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டும்."

நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்,
ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறேன், எதிர்பார்த்தேன்.
அவள் கேட்டாள்:
"அந்தத் தார்ப்பாய்க்குள்ள கெடக்குதே சார்,
அதுல வேகத்தக் கூட்டிக் கொறைக்கிற பெட்டி ஒண்ணு இருக்குதாமே.
கழட்டிக்கலாமா?"

என் மூன்று கோடியைக் கழற்ற
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் கேட்டான் திம்மராயன்.
டார்ச் நான்தான் பிடித்தேன்.
உள்ளே ஓணான் குடியிருந்தது.

இரண்டு செவ்வாய் போய்விட்டது.
ஒன்றில் கூழ் நீர்த்துவிட்டது,
மற்றதில் ஃபியூஸ் போனது.
கொட்டை இன்னும் வெளுப்பாக வரவில்லை,
முன்னைவிடக் கொஞ்சம் மெலிந்து வருகிறது
என்று நஞ்சப்பனே சொல்கிறார், மெதுவாக.
பெட்டியின் பூட்டைக் கழற்றிவிட்டோம்.
பெட்டியில் இப்போது ஸ்பேனர் வைக்கிறார்கள்.

நேற்று ஆடிட்டர் அன்வர் பாட்ஷா வந்தார்.
"பதினொரு டிரம்மை எந்தத் தலைப்பில் எழுதட்டும்?
சேதாரமா, திருட்டா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.
மாங்கூழ் விரல் பட்டு
ஓரம் மட்டும் மஞ்சள்.