தவணை

எங்கட பாசையிலை இந்த ஒரு சொல்லுக்கு
எத்தினை வாசல், ஆண்டவரே.
பள்ளிக்கூடத்திலை மூண்டாம் தவணை.
புதன்கிழமையிலை மோட்டச்சைக்கிளிலை வாற
கடன்காரப் பெடியனுக்குத் தவணை.
அனுராதபுரம் கோட்டிலை
என்ர பிள்ளையின்ர வழக்குக்குத் தவணை.
முதலாவதை அவன் நல்லாய்த்தான் முடிச்சவன்.
இரண்டாவதைக் கோழி வித்துக் கட்டினன்.
மூண்டாவது
பதினொரு வருசமாய்ப் போகுது.

நாரந்தனையிலை முதல்நாள் பின்னேரமே பஸ் ஏறவேணும்.
பண்ணைப் பாலத்திலை பொழுது படும்.
இரண்டு பக்கமும் களங்கண்டித் தடியள்
முழங்கால் தண்ணியிலை நிண்டபடி
வராத மீனுக்குக் காவல்.
இரவு அனுராதபுரத்து பஸ் ஸ்ராண்டிலை,
பையைத் தலைக்கு வைச்சு.
காலமை கூண்டுக்குள்ளை ஜெரோம்.
பொலிஸ்காரரின்ர தோளுக்கு மேலாலை
அவன்ர நெத்தி மட்டும் தெரியும்.
நீதிபதி கடுதாசி புரட்டுவார்.
சட்டத்தரணி எழும்பி, பிறகு இருப்பார்.
மொழிபெயர்க்கிறவர் அண்டைக்கு லீவு.
எனக்கு விளங்கினது ஒரு திகதி.
அது எந்தப் பாசையிலும் விளங்கும்.

"ஆண்டவருக்கெண்டு ஒரு நேரம் இருக்கு, தங்கச்சி"
எண்டு பாதர் சொல்லுறார்.
சொல்லுறவருக்கு
மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு வருது.
பகிடிக்குச் சொன்னனான். கோவிக்காதையும்.

கிணத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தனான்.
நீர் செய்த கிணறு, உமக்குத் தெரியாததில்லை.
இந்தத் தீவிலை நல்ல தண்ணியெண்டது
உப்புத் தண்ணிக்கு மேலை மிதக்கிற
ஒரு மெல்லிசுச் சீலை.
வாளியாலை அள்ளினால் தரும்.
சவிரி வெங்காயத்துக்கெண்டு மோட்டர் எடுத்தார்,
அதுவும் தவணைக்குத்தான்.
இருபத்தொரு நாள் இறைச்சார்.
மனுசனுக்கு அவசரம்,
பெரியவளின்ர கலியாணம் ஆவணியிலை.
இருபத்திரண்டாம் நாள்
பால்தேத்தண்ணி திரைஞ்சுது.
சவுக்காரம் கையிலை வழுக்கினதே ஒழிய
நுரைக்கேல்லை.
வெங்காயத் தாளின்ர நுனியெல்லாம்
காய்ச்சல்காரன்ர கண் மாதிரி மஞ்சள்.

மோட்டரை வித்தம்.
கிணத்தை ஆர் வாங்குவினம்?
விடிய விடிய விரலைத் தோய்ச்சு
நாக்கிலை வைப்பன்.
உப்பு.
ஒரு மாரி பெய்தது. உப்பு.
அடுத்த மாரி தெருவெல்லாம் வெள்ளம், குடிக்க
ரோட்டுத் தாங்கியிலை வரிசை.
மூண்டாம் மாரி, கார்த்திகை பத்தொன்பதோ இருபதோ,
அண்டைக்கு நான் செபமும் சொல்லேல்லை,
உம்மோடை கதைக்கிறேல்லையெண்டு இருந்த நாள்.
கால் கழுவ அள்ளின தண்ணி
வாயிலை தெறிச்சுது.
இனிப்பெண்டு சொல்லமாட்டன்.
உப்பில்லை.
அவ்வளவுதான்.
துலாவைப் பிடிச்சுக்கொண்டு
கனநேரம் நிண்டனான்.

அதைக் குடிக்கச் சவிரி இருக்கேல்லை.
அதையும் உம்மட கொப்பியிலை எழுதி வையும்.

கிணறு பிள்ளையில்லை, எனக்குத் தெரியும்.
கொண்டு போகேக்கை அவனுக்கு இருபத்திரண்டு.
இப்ப காதடியிலை நரை.
எந்த மாரி பெய்து
அதைக் கறுப்பாக்கப் போகுது?
நீர் பிந்தினதில்லையெண்டு பாட்டுப் புத்தகத்திலை கிடக்கு.
நான் அந்த வரி வரேக்கை
வாயை மட்டும் அசைப்பன்.

எண்டாலும்,
இழுத்து இறைச்சால் அடியிலையிருந்து என்ன ஏறுமெண்டு
என்ர நாக்குக்குத் தெரியும்.
ஒரு வருசம் நான் உம்மை அப்பிடித்தான் இறைச்சனான்,
இரவு பகலாய், நேர்த்திக்கு மேலை நேர்த்தி வைச்சு.
எனக்குள்ளை வந்ததெல்லாம் கைப்பு.
அயலட்டைப் பிள்ளையளின்ர சிரிப்புக் கூட
காதுக்குள்ளை உறைச்சுது.
இப்ப ஒரு நாளைக்கு ஒரு வாளி.
விடிய எழும்பி, "ஜெரோம்" எண்டு
பேரை மட்டும் சொல்லுவன்.
மிச்சத்தை விட்டிடுவன், ஊறட்டும்.
அது நம்பிக்கையோ, களைப்போ,
பேர் வைக்கத் தெரியேல்லை.

பங்குனி இருபத்தாறு அடுத்த தவணை.
கோட்டுக்கு அவன் போடுற வெள்ளைச் சேட்டைத் தோய்ச்சனான்,
எங்கட கிணத்துத் தண்ணியிலை.
நல்லாய் நுரைச்சுது.
கொடியிலை கிடக்கு.
கொலர் இன்னும் காயேல்லை.