ஒப்பீட்டு மீன்

எஸ்தோனியாக்காரர்கள் இதை எமகாலா என்கிறார்கள்.
எம என்றால் தாய், காலா என்றால் மீன்.
என் காதில் மட்டும்
எமனும் காலனும் சேர்ந்தே விழுகிறார்கள்.

முட்டையிடாது, குட்டி போடும்.
எலும்பு பச்சை நிறம்,
வெந்த பின்னும் பச்சை;
சந்தையில் யாரும் சீந்துவதில்லை.
ஊடோ மட்டும் வலையிலிருந்து பிரித்து
வாளியில் உயிரோடு கொண்டுவருவார்,
டீசல் காசுக்கு.

மாரிகா வாலருகே ஊசி இறக்குவாள்.
அரை மில்லி குருதி.
பனிக்கட்டிக்குள் போகும் குழாயில்
பென்சிலால் எழுதுவது என் வேலை:
ஆலைக் கழிமுகம். ஆண். பதினேழு.

மின்சாரம் விரட்ட
புரதங்கள் கூழுக்குள் ஓடும்,
கனத்தவை பின்தங்கும்.
நீலச் சாயம் ஊற்றினால்
நின்ற நின்ற இடத்தில் கோடு.
பெண்ணின் தடத்தில், மேலே, தடித்த ஒன்று:
மஞ்சள் கருவாகப் போகிற புரதம்.
ஆணின் தடத்தில் அந்த இடம்
வெறுமையாக இருக்க வேண்டும்.

பதினேழில் இல்லை.
பிள்ளை பிறக்காத வீட்டில்
பிரசவ லேகியம் கிண்டி வைத்ததுபோல
ஆண் உடம்புக்குள் அத்தனை சினைச்சத்து.

"தின்னலாமா?" என்றார் ஊடோ.
"தின்னலாம்."
"அப்புறம் என்ன?"
மாரிகா கையுறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டாள்.

ஒப்பிட்டுப் பார்க்க, தீவின் மேற்குக் குடா.
ஆலை இல்லை, ஊர் இல்லை, சாக்கடை இல்லை.
பதினோரு வருடமாக
சுத்தம் என்றால் எங்களுக்கு அதுதான்.
மாரிகா தன் மகளுக்கு நீச்சல் பழக்கியதும்
அங்கேதான்.

நேற்றிரவு அந்தக் கூழ்.
சாயம் கழுவக் கழுவ
ஆண், மூன்று: கோடு.
ஆண், ஐந்து: மெல்லிய கோடு.
ஆண், ஆறு.

நான்தான் தடம் மாற்றி ஊற்றிவிட்டேன் என்றேன்.
குடாவைக் காப்பாற்ற
அந்த நேரத்தில் வேறு பொய் வரவில்லை.
அவள் என் பென்சில் எழுத்தை
விளக்கடியில் பிடித்துப் படித்தாள்.
திரும்ப ஓட்டினோம்.
விடியும்போது அதே கோடு,
அதே உயரத்தில்.

அட்டவணையில் ஒரு பத்தி,
தலைப்பு: மாசற்றது.
மாரிகா அதை அடித்து
மேற்குக் குடா என்று எழுதினாள்.
போனை எடுத்தாள்,
மணி ஐந்து என்று பார்த்து
கீழே வைத்தாள்.

வாசலில் ஊடோ, அடுத்த வாளியோடு.
உள்ளே ஏதோ வால் அடிக்கிறது.
பென்சிலைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்,
எங்கே பிடித்தது?

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.
கடலில், என்றார்.