அரை அங்குலம்

மல்லியப்பூ சந்தியில் மழை விடாத ஒரு செவ்வாய்.
மஃரூப் ஹாஜியார் குழாய்க்குள் சுருட்டி
ஒரு ராஜ வம்சத்தைக் கொண்டுவந்தார்.
"சட்டம் போடணும் மருதை, நோன்புக்கு முந்தி வேணும்."

விரித்தேன். மேசை போதவில்லை.
நாலு மூலைக்கும் நாலு கண்ணாடித் துண்டு.
வட ஆபிரிக்காவில் எங்கோ ஒரு மன்னர்.
வேரில் உள்ள பெயரைச் சொல்லும்போது
ஹாஜியாரின் குரல் தாழ்ந்தது.
அங்கிருந்து தந்தை, தந்தை, தந்தை என்று
முப்பத்தாறு தங்க வட்டங்கள்.
தம்பியைக் கொன்ற அண்ணனுக்கும் ஒரு வட்டம்,
தம்பிக்கு ஓர் இலை மட்டும்.

முப்பத்தாறு!
எங்களிடம் இரண்டுதான் கேட்டார்கள்.
அப்பன் இங்கே பிறந்தானா,
அவன் அப்பன் இங்கே பிறந்தானா,
எழுத்தில் காட்டு.
அதுவும் ஒரு சட்டம்தான்.
தாத்தா செக்ரோலில் ஒரு நம்பர்;
நம்பர்கள் பிறப்பதில்லை.
பிரஜாவுரிமை மனு திரும்பி வந்த உறையில்
அப்பா கடைசிவரை அடகு ரசீது வைத்திருந்தார்.

பத்தொன்பதாம் வட்டத்துக்கு நேரே, இடது விளிம்பில்
சின்னதாய் ஒரு பெட்டி.
தங்கம் இல்லை, வெறும் மை.
"இது யாரு ஹாஜியார்?"
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தார்.
"அந்த மன்னர்ட உம்மா. பேர் இல்ல.
பாலைவனத்துக்கு அங்கால இருந்து
வாங்கிக்கொண்டு வந்த பொம்பள எண்டு போட்டிருக்கு."

சிங்கமலைச் சுரங்கத்தில் ரயில் ஊதி முடியும்வரை
இருவரும் பேசவில்லை.

அவள் மகனிலிருந்து இன்றைய மன்னர்வரை
பதினெட்டுப் பேர்.
ஒருத்தருக்குக்கூடவா அவள் மூக்கு வாய்த்திருக்காது?
எங்கள் வம்சத்தில் முதலில் கடல் தாண்டியவளுக்கு
மண்டபம் முகாமில்
கறுப்பாயி என்று ஒரு பேராவது எழுதினார்களாம்.
காகிதம் இல்லை.
சொல்லக் கேள்விதான்.

கண்ணாடி அகலம் நாலடி.
படம் நாலடி அரை அங்குலம்.
இரண்டுமுறை அளந்தேன்.
இடப்பக்கம் அந்தப் பெட்டி.
வலப்பக்கம் அரச முத்திரை: வாள், நாடா,
பின்னங்காலில் நிற்கும் சிங்கம்.
ஹாஜியார் எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!
பழைய பிளேடைக் கழற்றிப் புதுசு போட்டேன்.
இரும்பு அடிக்கோலை வலப்பக்கம் அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை வந்து, தூக்கிப் பார்த்து,
"நேராத்தான் இருக்கு" என்றார்.
பேசிய காசைக் கொடுத்தார்.

அன்று இரவு லயத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது
அடியில் ஒட்டியிருந்தது
பொன்னிறமாய்,
சிங்கத்தின் வால் நுனி.