முதுகில் மூன்று

தியத்தலாவை இராணுவ ஆஸ்பத்திரி,
ஆறாம் வார்டு.
விடியற்காலை மூடுபனி
ஜன்னல் கம்பிவரை வந்து நிற்கும்.

கெப்டன் உடுகமவைக் குப்புறக் கிடத்தி
உப்புத் தண்ணீரில் நனைத்து
கட்டுத்துணியை மெல்லப் பிரிப்பேன்.
முதுகில் மூன்று.
மார்பில் ஒன்றுகூட இல்லை.

முதுகில் வாங்குவது வெட்கம் என்று
கஹகொல்லைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்
பிரம்படியோடு படித்தவன் நான்.
முதல் நாள் எனக்குள் ஏளனம் இருந்தது.
ஒளிக்க மாட்டேன்.

பிறகு பக்கத்துக் கட்டில் பையன் சொன்னான்,
இடது கால் முழங்காலோடு முடிந்துபோன பையன்:
"பின்வாங்கச் சொன்னார்.
எல்லாரையும் முன்னே விட்டார்.
நான் வரப்பில் கிடந்தேன்.
திரும்பி வந்து,
வெடி வந்த பக்கம் முதுகைக் கதவாய்ச் சாத்தி
என்னை இழுத்தார்."

யாருடைய வெடி என்று அவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
வவுனியாப் பக்கம் குடியேறிய என் தம்பியிடமிருந்து
கடிதம் வந்து பதினாலு மாதம்.

மயக்கம் தெளியும்போதெல்லாம்
கெப்டன் உடைந்த தமிழில் கேட்பார்:
"ஒன்பது பேரும் சாப்பிட்டாங்களா?"

எட்டுப் பேர்தான்.
சாப்பிட்டாங்க சேர், என்கிறேன்,
துணி ஒட்டிய இடத்தில்
இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு.