முப்பத்திரண்டாம் வகுப்பு

பீருக்குச் சட்டத்தில் முப்பத்திரண்டாம் வகுப்பு.
அதே பெஞ்சில் சோடா, பழச்சாறு, தண்ணீர் பாட்டில்.
பிராந்தி, விஸ்கியெல்லாம் பாஸாகி
முப்பத்து மூன்றுக்குப் போய்விட்டன.

நான் வக்கீல் குமாஸ்தா.
மிஷன் வீதி, மருந்துக்கடை மாடி.
தமிழில் வருவதை ஆங்கிலத்தில் தட்டுவது வேலை.

வாதி: சவரிராயலு பெர்னார்,
தேங்காய்த்திட்டில் ஆறு தொட்டி.
ஆனியில் தெற்கிலிருந்து ஏறும் காற்றின் பெயரை
எடுத்து பாட்டிலில் ஒட்டினார்:
சோழகம்.
பிரதிவாதி, எங்கள் கட்சி: வசுந்தரா கனகசபாபதி,
சேதராப்பட்டில் தகரக் கொட்டகை.
பார்லியைக் குறைத்துப் பாதிக்கு மேல் சோளம் போடுகிறார்.
அதனால்
சோளகம்.

தமிழில் படித்தால் ஒன்று காற்று, ஒன்று தானியம்.
இருவருமே லேபிளில் தமிழ் போடவில்லை.
சனி ஞாயிறுக்குப் பெங்களூரிலிருந்து வருகிறவர்களின்
வாய்க்கு எளிதாக இருக்கட்டும் என்று
அதே எட்டு ஆங்கில எழுத்துகளை
ஒருவரை ஒருவர் அறியாமல் எழுதிவிட்டார்கள்.

அந்த எட்டுக்குள் ழகரம் எங்கே போயிற்று என்று
ஒரு பத்தியில் விளக்கச் சொன்னார் வக்கீல்.
மூன்று நாள் ஆயிற்று.
நாக்கு நுனி மேலே மடங்கும், அண்ணத்தைத் தடவும்,
ஒட்டாமல் திரும்பும் என்று எழுதினேன்.
முத்தம் கொடுக்கச் சொல்லித் தருவதுபோல இருக்கிறது,
அடித்துவிடு என்றார்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு.
என் பெயர் மழவன்.
ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில்
அதை ஆங்கிலத்தில் எழுதிய வாத்தியாருக்கு
ஓர் எழுத்து மிச்சம்.
எனக்குப் பிளஸ் டூ வரைக்கும் நாறியது.

சட்டம் ஓர் ஆளைக் கற்பனை செய்து வைத்திருக்கிறது.
சராசரி அறிவு, அரைகுறை ஞாபகம்.
கடைக்குப் போனால் அவன் ஏமாறுவானா,
வழக்கே அவ்வளவுதான்.
காலையில் கண்ணாடி முன்னால் நின்று
அவனுக்கு நான்தான் ஷேவ் செய்துவிடுகிறேன்.

எங்கள் சாட்சி தேசிங்கு,
வம்பாகீரப்பாளையம், படகு இன்ஜின் மெக்கானிக்.
கடலுக்குப் போகிறவர் நாக்கில்
இரண்டும் வேறு வேறு என்று அவர் சொல்ல வேண்டும்.
‘காத்தா சார்? சோளகம்.’
கொஞ்சம் நாக்கை மடித்து...
‘அதான் சொல்றேனே, சோளகம்.’
வக்கீல் பேனாவை மூடினார்.

தேசிங்கு இரண்டு பாட்டிலையும்
டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.
தான் பிராந்தி ஆள் என்றார்.
டீ வருவதற்குள் கேட்டார்:
‘ரெண்டு பேர்ல ஒருத்தரு ஜெயிச்சுட்டா
நாங்க இனிமே காத்த என்னான்னு கூப்புடறது?’

தட்டினேன்.
வாக்குமூலத்தில் அதற்கு எண் கொடுக்க முடியவில்லை.
அழித்தேன்.

அப்புறம் மூன்று வாய்தா.
சான்றுப் பொருள் இரண்டும் ஆபீஸ் பிரிட்ஜில்
வக்கீலின் மோர் சொம்புக்குப் பின்னால்.
நேற்று மதியம் முழுக்கக் கரன்ட் இல்லை.
ஐஸ் இளகி வழிந்து
லேபிள்கள் நழுவி, கீழ்த்தட்டில்
ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக் கிடந்தன.

ஒரே பழுப்புக் கண்ணாடி. ஒரே மூடி.
இடப்பக்கம் வைத்தது எது?

திறந்து ஒரு வாய் குடித்தால் தெரியும்.
சோளம் தொண்டையில் கொஞ்சம் மாவாக நிற்கும்,
பதிலுரை பதினோராம் பத்தி, நான்தான் தட்டினேன்.
திறந்தால் சான்று போயிற்று.

துறைமுகப் பக்கத்து ஜன்னல் அடித்துக்கொண்டது.
கட்டுகளின் மேல் பஞ்சிங் மெஷினைத் தூக்கி வைத்தேன்.

பசை வாங்கப் பையனை அனுப்பினேன்.
பெயரைப் பார்த்து வாங்குடா என்று சொல்லித்தான் அனுப்பினேன்.
ஓர் எழுத்து மாறின வேறொன்றை வாங்கி வந்தான்,
இரண்டு ரூபாய் குறைவு.

நன்றாகவே ஒட்டியது.